வினவும் வேதம்

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும் அரண் போல் நிற்க, இடையே முல்லையாறு பாய்ந்து வளம்படுத்தும் நிலமே கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என வரிசையாக அமைந்த ஊர்களைக் கடந்து அந்த வழி தேனியை வந்தடைகிறது. 1996ஆம் ஆண்டில் தேனி தனி மாவட்டமாகப் பிரியும் வரையில் இப்பகுதி முழுவதும் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மேல்கடலை நோக்கி ஓடிய பெரியாற்றின் நீரை அணையிட்டு நிறுத்தி, மலையைக் குடைந்து, 1895இல் கீழ்த்திசைக்குத் திருப்பினார் பென்னிகுயிக் என்னும் பொறியாளர். திசை மாறி வந்த அந்நீரினால்தான் இன்றும் இவ்வயல்கள் விளைகின்றன.

நீர் மட்டுமன்று, ஒரு நூலும் இப்பள்ளத்தாக்கிற்குத் திசை மாறியே வந்தது. ஆசியக் கண்டத்தின் மேற்குக் கோடியில் தோன்றி, ஐரோப்பா சென்று, அமெரிக்கா சென்று, பின்னர்க் கப்பலேறிக் கீழ்த்திசைக்கு மீண்ட அந்நூல் கிறிஸ்தவர்களின் திருமறையாகும். வேதாகமம் என்றும் விவிலியம் என்றும் அதனை வழங்குகிறோம். இந்நூலை நம்பி வாழ்ந்தோர் சிலரது வரலாற்றைக் கொண்டு ஒரு வினாவை ஆராய விரும்புகிறேன். பற்பல கருத்துகள் ஒன்றோடொன்று மோதுகின்ற இக்காலத்தில், பழைய நூல் ஒன்றை வழிகாட்டியாகக் கொள்வது முறையாகுமா? அங்ஙனம் கொள்வது அறிவின் வாயிலை அடைத்துக்கொள்வதாகாதா? கல்லூரியில் பயிலும் இளைஞர் பலர் இவ்வினாவைக் கேட்கின்றனர். கேட்பதும் நியாயமே.

முதலில் அந்நூல் தமிழில் வந்த வகையைச் சிறிது காண்போம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். அது 1715இல் அச்சாகி முடிந்தது. அவர் இறைவனைச் ‘சருவேசுரன்’ என்றார். அவருக்குப் பின்வந்த பப்ரிசியுசு ‘பராபரன்’ என்றார். பல சபையார் கூடிச் செய்து 1871இல் வெளியிட்ட மொழிபெயர்ப்போ ‘தேவன்’ என்றது. இருபதாம் நூற்றாண்டில் அதனைத் திருத்தியோர் ‘கடவுள்’ என்னும் சொல்லை ஏற்றனர். கத்தோலிக்கரும் ஏனைய சபையாரும் ஒருங்கிணைந்து 1995இல் வெளியிட்ட ‘திருவிவிலியம்’ என்னும் பொது மொழிபெயர்ப்பும் அச்சொல்லையே ஆள்கிறது. ஒரே பொருளைக் குறிக்க நான்கு சொற்கள்! கருத்து வேற்றுமை என்பது நூலுக்கு வெளியே மட்டும் நிலவுவதன்று, நூலைக் கையிலேந்தியோரிடையிலும் தொடக்கந்தொட்டே நிலவியது என்பதற்கு இதுவே சான்று.

மற்றொரு செய்தியையும் இங்கு நினைத்தல் தகும். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தை மொழிபெயர்த்தபோது அவருக்குத் துணைநின்றவர் சைவப் பெரியாராகிய ஆறுமுக நாவலர். அந்நூலை ஆழக் கற்ற நாவலர், பின்னர் 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ என்னும் நூலை எழுதிச் சைவத்தைப் பழித்த பாதிரிமாருக்கு விடையிறுத்தார். நீங்கள் எம் ஆலய வழிபாட்டை இகழ்கிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டில் கூறப்படும் ஆலயமும் பலியும் விளக்கும் தூபமும் யாவை என்பதே அவரது வினாவின் சாரம். தம் நூலைக் கொண்டு பிறரை வினவியவர்களை அந்நூலைக் கொண்டே வினவினார் நாவலர்.

இனி மதுரைச் சீமைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் 1834இல் மதுரைக்கு வந்து தம் பணியைத் தொடங்கினர். அமெரிக்கன் மதுரை மிஷன் என்று அழைக்கப்பட்ட அவ்வமைப்பு பசுமலையில் கல்வி நிலையம் கண்டது, பெரியகுளத்திலும் நிலையம் அமைத்தது. பள்ளத்தாக்கின் சிற்றூர்களுக்கு உபதேசிமாரும் பள்ளிகளும் சென்றது இவ்வழியேதான். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி முதலிய ஊர்களில் கத்தோலிக்கத் திருச்சபையும் வேரூன்றியது. எழுதப் படிக்க அறியாத குடும்பத்தில் ஒரு சிறுவன் பள்ளிக்குச் சென்று, மாலையில் வீடு திரும்பித் தன் தாய்க்கு அந்நூலைப் படித்துக் காட்டுவான் என்றால், அதனால் ஏற்படும் மாறுதல் எத்துணைப் பெரிது! படிப்பவன் சிறுவன், கேட்பவர் பெரியோர். அறிவு வரும் திசை அங்கும் மாறிவிட்டது.

ஆயினும் நூல் வந்தவுடன் நீதி வந்துவிடவில்லை. 1847இல் மதுரை மிஷனில் ஒரு பெரும் பிணக்கு மூண்டது. திருச்சபையின் ஊழியர்கள் சாதி வேற்றுமை பாராது ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணுதல் வேண்டும் என்று மிஷனரிமார் விதித்தனர். அதனை ஏற்காத உபதேசிமாரும் சபையாரும் பலர் விலகினர். சாதியென்பது உலகியல் ஒழுங்கு, ஞானத்தைப் பற்றியதன்று, ஆகவே திருமறை அதனை விலக்கவில்லை என்பது ஒரு சாரார் வாதம். கிறிஸ்துவுக்குள் மேலோர் கீழோர் இல்லை என்பது மற்றொரு சாரார் வாதம். இரு சாராரும் கையில் வைத்திருந்தது ஒரே நூல்தான்.

இப்பிணக்கில் நூல் தானே கூறும் செய்தி ஒன்றுண்டு. இயேசுவின் முதன்மைச் சீடராகிய பேதுரு, அந்தியோகியா நகரில் யூதரல்லாதாரோடு ஒருங்கிருந்து உண்டுவந்தார். யூதர் சிலர் எருசலேமிலிருந்து வந்ததும், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியைவிட்டு விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். தம் சமயத்தின் தலைசிறந்த சீடர் பந்தியில் தவறியதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது அந்நூல்! பதினெட்டு நூற்றாண்டுகள் கழிந்து மதுரைச் சீமையிலும் அதே பந்தி, அதே அச்சம், அதே விலகல். இப்பகுதியைப் படித்த உபதேசி ஒருவர் அதில் தம்மைக் காணாதிருக்க முடியுமா? காணாமலிருக்கவும் முடிந்தது என்பதே வரலாறு தரும் விடை.

விதித்தவர்களையும் நாம் வினவாமல் விடலாகாது. மிஷனரிமாரின் தாயகமாகிய அமெரிக்காவில் அதே ஆண்டுகளில் தென்மாநிலத்தார் கறுப்பின மக்களை அடிமைகளாக விலைக்கு வாங்கியும் விற்றும் வந்தனர். அக்கொடுமைக்கும் இதே விவிலியத்திலிருந்து ஆதாரம் காட்டிய போதகர்கள் இருந்தனர். அடிமை முறை பற்றிய பிணக்கினால் 1845இல் அந்நாட்டுப் பாப்டிஸ்ட் சபையார் இரண்டாகப் பிளவுபட்டனர். பிறர் பந்தியின் கோணலைக் காண்பது எளிது, தம் பந்தியின் கோணலைக் காண்பது அரிது. திருமறையைத் துணைக்கழைப்போர் பலர் தாம் முன்னரே கொண்ட கருத்தையே அதனுள் வைத்துவிட்டு, பின்பு அதனையே அதிலிருந்து எடுத்துக் காட்டுகின்றனர். இதனை வழிகாட்டல் என்று எங்ஙனம் கூறுவது?

அங்ஙனமாயின் உண்மையான வழிகாட்டல் எப்படியிருக்கும்? மதுரை மாவட்டத்தில் வாழ்ந்து மறைந்த ஒருவரை எடுத்துக்காட்டாகக் கூறுவேன். தஞ்சையில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, கணக்காய்வுத் துறையில் தேர்ந்து, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றவர். காந்தியடிகளைச் சந்தித்தபின் கதராடை புனைந்து கிராமத் தொழில்களுக்குத் தம்மை ஒப்புவித்தார். 1930இல் சட்டமறுப்பு இயக்கம் எழுந்தபோது, அது கிறிஸ்துவின் போதனைக்கு முரணானது என்று இந்தியாவின் தலைமை ஆங்கிலிக்கப் பேராயர் வெஸ்ட்காட் கருதினார். குமரப்பா அதனை ஏற்காது அவரோடு வாதிட்டார். படைபலம் கொண்டு ஆளும் பேரரசுக்குத் துணைபோவதா, கைகளில் ஆயுதமின்றி அடிபடுவோர் பக்கம் நிற்பதா, இவற்றுள் எது இயேசுவின் நெறி என்பதே அங்கு எழுந்த வினா.

அன்று அறிவுலகில் முதலாளித்துவம் ஒரு வழி காட்டியது, பொதுவுடைமை வேறு வழி காட்டியது. குமரப்பா இரண்டையும் கற்றார், இரண்டையும் எடைபோட்டார். எடைக்கல்லாக அவர் கொண்டவை காந்திய நெறியும் நற்செய்தி நூல்களுமே. சிறையிலிருந்தபோது ஒருபுறம் நிலைபெறும் பொருளாதாரத்தைப் பற்றியும், மறுபுறம் இயேசுவின் வாழ்வும் வாக்கும் பற்றியும் நூல்கள் எழுதினார். இவை இரண்டும் ஒரே உள்ளத்தின் இரு கிளைகள். தம் இறுதி ஆண்டுகளை டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அவர் மறைந்தார். அரசின் ஆதரவையும் உயர்ந்த வருவாயையும் உதறச் செய்த நூல் அவருக்கு எளிய துணையாக இருந்திருக்க இயலாது. அது அவரையே முதலில் வினவியது.

இனி இவ்வுரையின் நடுநாயகமாக நான் கொண்ட வரலாற்றைக் கூறுகிறேன். நாடு விடுதலையுற்ற ஆண்டிலேயே, 1947 செப்டம்பர் 27ஆம் நாள், சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், முன்னரே இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் தத்தம் பிரிவினை நீங்கி ஒன்றாயினர். 1919இல் தரங்கம்பாடியில் கூடி அசரியா முதலியோர் விதைத்த எண்ணம் இருபத்தெட்டு ஆண்டுகளில் பலித்தது. ஆயர் வேண்டும் என்போரும் வேண்டா என்போரும் தத்தம் கொள்கைக்குத் திருமறையில் ஆதாரம் தேடியவர்களே. எனினும் அத்திருமறையையே அனைவர்க்கும் மேலான அளவுகோலாக வைத்து, அதன்முன் தத்தம் வழக்கங்களை நிறுத்திப் பார்க்க அவர்கள் இசைந்தமையால் ஒற்றுமை கைகூடிற்று.

அன்று மதுரை, இராமநாதபுரம் பகுதிகளுக்குப் பேராயராகத் திருநிலைப்படுத்தப் பெற்றவர் லெஸ்லி நியூபிகின். வயது முப்பத்தேழு. இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, 1936இல் தமிழ்நாட்டிற்கு வந்தவர். வந்த சிறிது காலத்திலேயே பேருந்து விபத்தில் காலொடிந்து தாயகம் திரும்ப நேர்ந்தும், 1939இல் மீண்டும் வந்து காஞ்சிபுரத்தில் பணியாற்றினார். தமிழைக் கற்றுத் தமிழிலேயே பேசினார். தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் அடங்கிய மதுரை மாவட்டம் 1947 முதல் 1959 வரையில் அவரது பொறுப்பில் இருந்தது. சிற்றூர்தோறும் சென்று வந்த அனுபவங்களை நாட்குறிப்பாக எழுதி 1951இல் நூலாகவும் வெளியிட்டார்.

அப்பன்னிரண்டு ஆண்டுகளில் தமிழகத்தின் மேடைகள் எத்தனை கருத்துகளால் முழங்கின! பெரியாரின் சுயமரியாதை இயக்கம் எல்லா வேதங்களையும் பகுத்தறிவின் தராசில் நிறுத்தியது. பொதுவுடைமையாளர் சமயத்தை ஏழையை மயக்கும் மருந்து என்றனர். காந்தியவாதிகள் எல்லாச் சமயங்களும் ஒரே உண்மையின் கிளைகள் என்றனர். அறிவியலே இனி வழிகாட்டி என்றனர் கற்றோர் பலர். இத்தனை குரல்களுக்கிடையே ஒரு நூலின் குரலுக்குச் செவிசாய்ப்பது எவ்வாறு? நியூபிகின் இவ்வினாவை வாழ்நாள் முழுவதும் சிந்தித்தார். 1989இல் அவர் வெளியிட்ட நூல், பல கொள்கைகள் நிலவும் சமுதாயத்தில் நற்செய்தியின் இடம் யாது என்பதையே ஆராய்கிறது. அதன் வேர் தமிழ் மண்ணில் இருப்பது நாம் அறியத்தக்கது.

காஞ்சிபுரத்தில் இருந்தபோது அவர் இராமகிருஷ்ண மடத்துத் துறவியரோடு தரையில் அமர்ந்து, ஒருவாரம் சுவேதாசுவதர உபநிடதமும் மறுவாரம் யோவான் நற்செய்தியும் என மாறிமாறிக் கற்றுவந்தார். அம்மண்டபத்தில் உலகப் பெரியார்களின் படங்களோடு இயேசுவின் படமும் மாட்டப்பட்டிருந்தது. கிறிஸ்து பிறந்த நாளன்று அப்படத்திற்கு வழிபாடும் நடந்தது. நியூபிகின் முதலில் எண்ணியது, இயேசுவை இவர்கள் தம் கொள்கையின் சட்டத்திற்குள் பொருத்திக்கொண்டார்கள் என்பதே. பல்லாண்டுகள் கழிந்தபின்பே மற்றொன்று அவருக்குத் தோன்றியது. தாம் இங்கிலாந்தில் கற்ற கிறிஸ்தவமும் அத்தகையதே. அங்கே இயேசுவின் படம் மாட்டப்பட்டிருந்த சட்டம் மேனாட்டு நவீன நாகரிகம். முன்னேற்றம் என்றும் தனிமனித உரிமை என்றும் அந்நாகரிகம் வகுத்த எல்லைக்குள் அடங்கும் அளவே அங்கு நற்செய்தி ஏற்கப்பட்டது. பிறர் சுவரில் கண்ட சட்டம் தம் சுவரிலும் இருப்பதை அறிய அவருக்குத் தமிழகம் கண்ணாடியாயிற்று.

யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதையை நாம் அனைவரும் அறிவோம். ஒருவன் காலைத் தடவித் தூண் என்றான், ஒருவன் காதைத் தடவி முறம் என்றான். சமயங்கள் யாவும் இத்தகையனவே, முழு உண்மையை எவரும் அறியார் என்பதற்கு இக்கதையைக் கூறுவது வழக்கம். நியூபிகின் ஒரு தடை எழுப்பினார். அவர்கள் தடவியது யானை என்று நமக்குக் கூறுபவன் யார்? கண்ணுள்ள ஒருவன் தான். ஆக, எவருக்கும் முழு உண்மை தெரியாது என்று அடக்கமாகப் பேசுவது போல் தோன்றும் அக்கதை, கூறுவோனுக்கு மட்டும் முழு யானையும் தெரியும் என்று கொள்கிறது. மாணவர்களே, இது வாதத்திறமைக்காகச் சொன்னதன்று. எந்தக் கருத்தையும் சாராமல் உயர நின்று எல்லாவற்றையும் காணும் இடம் ஒன்று எவருக்கும் இல்லை என்பதே இதன் உட்பொருள். பகுத்தறிவாளனும் ஏதோவோர் அடிப்படையை முதலில் நம்பியே ஆராயத் தொடங்குகிறான். அறிவியலறிஞனும் இயற்கை ஒழுங்குடையது என்று நம்பியே ஆய்வுக்கூடத்தினுள் நுழைகிறான். அறிதலுக்கு முன்னே நம்பிக்கை செல்கிறது என்று விளக்கிய மைக்கேல் போலானி என்னும் அறிஞரின் கருத்து நியூபிகினுக்கு உதவிற்று.

ஆதலின் திருமறையை அவர் மூக்குக்கண்ணாடிக்கு ஒப்பிட்டார். கண்ணாடியை நாம் பார்ப்பதில்லை, அதன் வழியே உலகைப் பார்க்கிறோம். அதுபோல் திருமறை கூறும் வரலாற்றினுள் குடியிருந்து, அதன் வழியே நம் காலத்து நிகழ்ச்சிகளைக் காண வேண்டும் என்பது அவர் கருத்து. இதனை அவருக்குத் தெளிவாக உணர்த்தியவர்களுள் ஒருவர் இந்து சமய அறிஞர் சதுர்வேதி பத்ரிநாத். எங்கள் நாட்டில் சமய நூல்களுக்குப் பஞ்சமில்லை, உங்கள் விவிலியமோ உலக வரலாற்றையும் அதனுள் மனிதனின் பொறுப்பையும் தனித்தன்மையோடு விளக்கும் நூல், அதனை வெறும் சமய நூலாக எங்களிடம் ஏன் நீட்டுகிறீர்கள் என்ற கருத்தில் அவர் வினவினாராம். நாவலர் காலத்தைப் போலவே இங்கும் நூலின் பொருளை அதற்கு உரியோர்க்கு நினைவூட்டியவர் வெளியிலிருந்து படித்தவரே.

இங்கு ஒரு தடை எழலாம். ஒவ்வொருவரும் தத்தம் கண்ணாடியே மெய் என்றால், குறளும் கீதையும் குர்ஆனும் பொதுவுடைமை அறிக்கையும் தத்தம் கண்ணாடியை நீட்டினால், எது தெளிவானது என்று எவ்வாறு துணிவது? இது வலிய தடைதான். வாதத்தால் மட்டும் இதனைத் தீர்க்க இயலாது என்பதை நியூபிகினும் ஒப்பினார். தென்னிந்தியச் சிற்றூர்களின் காட்சியொன்றை அவர் நினைவுகூர்ந்ததுண்டு. சிறிய கோவிலின் வாயிலில் அவர் நிற்பார். சபையார் நடுவே தரையில் அமர்ந்திருப்பர். சுற்றிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் நின்று கேட்பர். நடுவில் அமர்ந்திருப்போரின் வாழ்வு மாறியிருப்பதை, சுற்றி நிற்போர் தம் கண்ணால் கண்டாலொழியத் தம் சொல்லுக்கு எடையில்லை என்று அவர் உணர்ந்தார். ஊர் மக்களுக்கு ஒருவர் வாழ்வு மறைவதில்லை. யார் எவரோடு உண்டார், யார் வட்டிக்கு வட்டி வாங்கினார், யார் பகைவனை மன்னித்தார் என்பதெல்லாம் கிணற்றடியில் வெளிப்பட்டுவிடும். சபையின் வாழ்வே திருமறைக்கு மெய்யான உரை என்று பிற்காலத்தில் அவர் எழுதியதன் கருத்தும் இதுவே.

1974இல் இந்தியாவைவிட்டு நீங்கிய அவர், தம் முதிய வயதில் பர்மிங்காம் நகரின் எளிய மக்கள் வாழும் பகுதியில் போதகராகப் பணிபுரிந்தார். மேனாட்டுக் கிறிஸ்தவர்கள் தம் நம்பிக்கையை வெளியே கூறவும் நாணுவதைக் கண்டு வருந்தினார். நம்பிக்கை என்பது அவரவர் விருப்பம், அறிவியலும் பொருளாதாரமும் மட்டுமே உண்மை என்னும் அந்நாட்டின் கருத்தை எவரும் வினவுவதே இல்லை என்பது அவரது குறை. 1998இல் அவர் மறைந்தார்.

இவ்வரலாறுகளால் நாம் பெறும் படிப்பினை யாது? ஒரு நூலை நம்புதல் அறிவை அடைப்பதாக இருக்கலாம், திறப்பதாகவும் இருக்கலாம். எந்நூலை நம்புகிறோம் என்பதைப் போலவே, அதனை எவர்மீது முதலில் செலுத்துகிறோம் என்பதும் கருதத்தக்கது. 1847இல் பந்தியைவிட்டு எழுந்தோர் நூலைத் தம் வழக்கத்திற்குக் கேடயமாக்கினர். குமரப்பா அதனைத் தம் வாழ்வின்மேல் செலுத்தினார். நியூபிகின் தம் நாட்டு நாகரிகத்தின்மேலும் செலுத்தினார். மேலும், நூலை நன்கு படிக்க வெளியாரின் வினாவும் வேண்டும் என்பதை நாவலரும் பத்ரிநாத்தும் காட்டினர். மாற்றுக் கருத்தை அஞ்சுபவன் தன் நூலை நம்புபவன் அல்லன், தன் பழக்கத்தை நம்புபவனே.

எனவே, மாணவ நண்பர்களே, நீங்கள் எச்சமயத்தவராயினும், சமயமே வேண்டா என்பவராயினும், உங்களை நடத்திச் செல்லும் நூலோ கொள்கையோ ஒன்றிருக்கும். அதனை மனத்தெளிவோடு பற்றுங்கள். அதனை மறுப்போர் நூலையும் பொறுமையோடு படியுங்கள். ஆண்டுக்கொருமுறையேனும் ஓரிடத்தில் தனியே அமர்ந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். நான் நம்பும் நூல், நான் செய்துவரும் செயலொன்றைத் தவறென்று இவ்வாண்டில் எனக்கு உணர்த்தியதா? உணர்த்தியதாயின் அது உங்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கிறது. ஒருகாலும் உணர்த்தவில்லையாயின், நூலை மறுபடியும் முதலிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.